காய்ச்சல் விட்ட அன்னைக்கு மகன் ஐசியூ போனது ஏன்? கல்லிடைக்குறிச்சி அக்காவுக்கு பதில்

கேள்வி:

டாக்டர் தம்பிக்கு, எங்களுக்கு கல்லிடைக்குறிச்சி. கார்த்திகை மாசம் எங்க வீட்ல ஒரே வாரத்துல ரெண்டு பேருக்கு டெங்கு வந்துட்டு. மகனுக்கு 24 வயசு, ஆத்துல நீச்சல், கபடின்னு திரியுத பையன். எங்க அத்தைக்கு 76. அத்தைக்கு ரெண்டு நாள் காய்ச்சலோட சரியாயிட்டு. மகனுக்கு அஞ்சாம் நாள் காய்ச்சல் விட்டு ரசஞ்சோறு கேட்டு சாப்பிட்டான், சரியாயிட்டுன்னு நெனச்சோம், சாயங்காலம் கை கால் சில்லுன்னு ஆகி வயித்துவலின்னு துடிச்சு ஐசியூல வைக்கும்படி ஆயிட்டு. ஆறாங்கிளாஸ் முழுப்பரிச்சை லீவுல கடையநல்லூர்ல எந்தங்கச்சி வீட்ல இருக்கையிலயும் அவனுக்கு டெங்கு வந்துச்சு, அது 2012ல. ஒனக்கு மகன் வளந்தானே தவிர எதிர்ப்பு சக்தி இல்லன்னு தெருவுல சொல்லுதாவ. ஐசியூல டிரிப்பை பாதியில கொறச்சதும் ஏன்னு புரியல. எதிர்ப்பு சக்தி பவுடர் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், குடுக்கலாமா? ஒருத்தர் வீட்ல எல்லாருக்கும் ஐஎல்-6னு ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லுதாரு. கொரோனாவுல ஸ்டீராய்டு தான் காப்பாத்துச்சாமே, அடுத்தவாட்டி காய்ச்சல் வந்தா மொத நாளே அதைப் போட்டுட்டா இவ்வளவு தூரம் போகாதுல்லா? டிஸ்சார்ஜ் பேப்பரை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன்.

பதில்:

அக்கா, பேப்பரை முழுசும் படிச்சேன். தெருவுல சொல்லுதத மொதல்ல மனசுலருந்து எடுத்துருங்க. ஒங்க மகன் எதிர்ப்பு சக்தி இல்லாம ஐசியூவுக்குப் போகல. அவன் உடம்பு எதிர்த்துக்கிட்டு தான் இருந்துச்சு, நல்லா பலமாவே எதிர்த்துச்சு, ஆனா அந்த எதிர்ப்போட நேரமும் அளவும் பெசகிட்டு, அதுக்குக் காரணம் பெரும்பாலும் அந்த 2012 லீவுல தான் இருக்கு. சத்தா ஆக்கிப் போடலயோ, கவனிக்காம விட்டுட்டமோன்னு நீங்க நொந்துக்கிட இதுல ஒண்ணுமே இல்ல.

உடம்புக்குள்ள என்ன நடக்குன்னு கொஞ்சம் விவரமா சொல்லுதேன், பொறுமையா படிங்க, ஏன்னா பவுடர், டெஸ்ட், ஸ்டீராய்டு மூணுக்கும் பதில் இதுக்குள்ள தான் இருக்கு.

ஒரு செல்லுக்குள்ள வைரஸ் நுழைஞ்ச உடனே அந்த செல் சில புரதங்களை வெளிய விடும். அதுல மொத முக்கியமானது இன்டர்பெரான். 1957ல லண்டன்ல அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மேன்னு ரெண்டு பேர் கோழி முட்டைக் கருவோட சவ்வுல செயலிழந்த ஃப்ளூ வைரஸை வச்சுப் பாத்தப்ப, அந்த சவ்வுலருந்து ஏதோ ஒண்ணு கசிஞ்சு மத்த செல்லுங்களையும் வைரஸ் பிடிக்காம பாதுகாக்குன்னு கண்டுபிடிச்சாங்க, அது தான் இது. இன்டர்பெரான் பக்கத்து செல்லுல போய் ஒட்டுனா அந்த செல் நூத்துக்கணக்கான ஜீன்களை ஆன் பண்ணிரும், அதுக்குப் பொறவு வைரஸ் உள்ள வந்தாலும் லேசுல பெருக முடியாது. மொத ஒண்ணு ரெண்டு நாள்ல இது ஒழுங்கா நடந்துட்டா நெறைய பேருக்கு நோய் வந்ததே தெரியாது.

காய்ச்சல், மேலு வலி, எந்திரிக்க முடியாத அசதி, இதெல்லாம் வைரஸ் நேரா செய்யுததுன்னு நாம நெனைக்கோம். பெரும்பாலும் நம்ம உடம்பு விடுத இந்த சிக்னல் புரதங்கள் செய்யுதது தான். மஞ்சக்காமாலை சி வகைக்கு முன்னால இன்டர்பெரானையே ஊசியாப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. ஊசி போட்ட அன்னைக்கு ராத்திரியே நல்ல காய்ச்சலும் குளிரும் மேலு வலியும் வரும், மனசு கூட சோர்ந்து போகும். ஃப்ளூ வைரஸ் எதுவும் உள்ள போகல, ஆனா ஃப்ளூ வந்த மாதிரியே தான் கெடப்பாங்க.

ரெண்டாவது கூட்டம் ஒண்ணு இருக்கு, ஐஎல்-1, ஐஎல்-6, டிஎன்எஃப் இப்படி. எல்லாத்துக்கும் சேத்து சைட்டோகைன்னு பேரு. மூளைக்குப் போய் காய்ச்சலை ஏத்துதது, ஈரலை சிஆர்பிங்கற அழற்சிப் புரதத்தைத் தயாரிக்க வைக்குதது, ரத்தக்குழாய்ச் சுவரை கொஞ்சம் இளக்கி வெள்ளையணுக்களை தேவையான எடத்துக்கு எறக்கி விடுதது, எல்லாம் இதுங்க வேலை. அளவோட இருந்தா உசுரைக் காப்பாத்தும். அளவு மீறுனா என்ன ஆகும்ங்கறதுக்கு 2006ல லண்டன்ல ஒரு சம்பவம் நடந்துச்சு. டிஜிஎன்1412னு ஒரு புது மருந்தை ஆரோக்கியமான 6 ஆம்பளைங்களுக்கு சோதனைக்கு குடுத்தாங்க, அது டி செல்லுங்கற ஒரு வகை வெள்ளையணுக்களை ஒரேயடியா கெளப்பி விட்டுட்டு. ஒண்ணரை மணி நேரத்துக்குள்ள காய்ச்சல், தலைவலி, வாந்தி, பொறவு பிபி இறங்கி ஆறு பேருக்கும் உறுப்புகள் செயலிழக்க ஆரம்பிச்சுட்டு. நல்லவேளை ஆறு பேரும் பொழைச்சாங்க. அங்க வைரஸும் இல்ல, கிருமியும் இல்ல. சிக்னல் மட்டும் தான்.

அப்போ எதிர்ப்பு கூடுதலா கொறைவாங்கறது சரியான கேள்வியே இல்ல அக்கா, எப்போ வந்துச்சு, எப்போ நின்னுச்சுங்கறது தான் கேள்வி. வயக்காடு வச்சிருக்கவங்களுக்கு இது சட்டுனு புரியும், பிசான நெல்லு நடுகை சமயம் கால்வாய்ல வரவேண்டிய தண்ணி அப்போ வராம, கதிர் முத்தி அறுப்புக்கு நிக்கையில கரையை உடைச்சுக்கிட்டு வந்தா, அதே ஆத்துத் தண்ணி தான், ஆனா வெள்ளாமை போயிரும்.

கொரோனா சமயத்துல இது நல்லாத் தெரிஞ்சுது. 2020ல வந்த ஒரு ஆய்வுல, உசுருக்கு ஆபத்தான நிமோனியாவோட இருந்த 987 பேரைப் பாத்தாங்க. அதுல 101 பேர் ரத்தத்துல அவங்க சொந்த இன்டர்பெரானையே முடக்கிப் போடுத ஆன்டிபாடி, அதாவது கிருமியப் பிடிக்க உடம்பு செய்யுத எதிர்ப்புப் புரதம், இருந்துச்சு, அந்த 101ல 95 பேர் ஆம்பளைங்க. லேசா வந்து போன 663 பேர்ல ஒருத்தருக்குக் கூட அது இல்ல. அதாவது மொத நாள் வரவேண்டிய இன்டர்பெரான் வேலை செய்யல, வைரஸ் தடையில்லாம பெருகிட்டு, ஒரு வாரம் கழிச்சு ஐஎல்-6 வகையறா மொத்தமா கெளம்பி நுரையீரலைப் பதம் பாத்துட்டு. நல்லா ஓடியாடிக்கிட்டு இருந்த மனுசன் ஏன் போனாருன்னு எத்தனையோ வீட்ல இன்னைக்கும் கேட்டு அழுதாவ, அதுல சிலருக்காவது காரணம் இது தான், அவங்க மேல எந்தத் தப்பும் இல்ல.

இப்போ ஒங்க மகன் கதைக்கு வாரேன்.

டெங்குல நாலு வகை வைரஸ் இருக்கு. ஒரு வகை வந்துட்டா அந்த வகை திரும்ப வராது, ஆனா மத்த மூணும் வரலாம். 2012ல கோடை முடியுத சமயம் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு எப்படிப் பரவுச்சுன்னு நம்ம மாவட்டத்துல யாரும் மறக்க மாட்டாவ, அப்போ அவனுக்கு வந்தது ஒரு வகை. இப்போ கார்த்திகையில வந்தது வேற வகையா இருக்கணும். பழைய வகைக்கு உருவான ஆன்டிபாடி புது வகை மேல போய் ஒட்டும், ஆனா அதை செயலிழக்க வைக்க முடியாது. இதுல ஒரு கெடுதல் என்னன்னா, ஆன்டிபாடி ஒட்டுன எதையும் விழுங்குத வெள்ளையணுக்கள் இருக்குல்லா, அது இந்த வைரஸையும் உசுரோட உள்ள இழுத்துக்கிடும், டெங்கு வைரஸ் பெருகுததுக்கு அந்த வெள்ளையணு தான் அதுக்குப் பிடிச்ச எடமே. பத்தாக்குறைக்கு டெங்கு வைரஸ்ல என்எஸ்5னு ஒரு புரதம் இருக்கு, அது இன்டர்பெரான் சொல்லுத செய்தியை செல்லுக்குள்ள கொண்டு போகுத ஸ்டாட்2ங்கற புரதத்தையே அழிச்சுரும். ஆக மொத கட்ட எதிர்ப்பு அடங்கிட்டு, வைரஸ் அளவு எக்கச்சக்கமா ஏறிட்டு, அதுக்குத் தகுந்த மாதிரி ரெண்டாவது கட்டம் பலமா வந்துட்டு.

இது ஏதோ தியரின்னு நெனச்சிராதீங்க. கியூபாவுல 1977ல முதல் வகை பரவுச்சு, பெருசா ஆபத்தில்ல. 1981ல ரெண்டாம் வகை வந்தப்ப 3 லட்சத்து 44 ஆயிரம் பேருக்கு மேல பாதிப்பு, 10 ஆயிரத்துக்கு மேல கடுமையான கேஸ், 158 சாவு. 1977ல வந்து போனவங்க தான் அதுல பெரும்பாலும் மோசமானாங்க. ஒரு வயசுக்குள்ள இருக்க கைக்குழந்தைக்கு மொத தடவையே கடுமையா வர்றதும் இதனால தான், தாய்ப்பால்ல வந்த குத்தம் இல்ல, வயித்துல இருக்கையிலயே தாயோட டெங்கு ஆன்டிபாடி பிள்ளைக்கு வந்திருக்கும், சில மாசம் போயி அது கொறைஞ்சு போன பருவத்துல பிள்ளைக்கு டெங்கு வந்தா இதே கூத்து நடக்கும்.

சரி, அஞ்சாம் நாள் சாயங்காலம் என்ன ஆச்சு? பேப்பர்ல எல்லாரும் பிளேட்லெட்டை தான் பாப்பாங்க, 34,000ன்னு போட்டிருக்கு, நீங்களும் அதைத் தான் வட்டம் போட்டு அனுப்பியிருக்கீங்க. நான் பாத்தது அதுக்கு ரெண்டு வரி மேல உள்ள பிசிவி, ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம்னு சொல்லுத கணக்கு. மூணாம் நாள் 41, அஞ்சாம் நாள் சாயங்காலம் 50. ரத்தம் கூடல அக்கா, ரத்தத்துல உள்ள தண்ணிப் பகுதி குழாயை விட்டு வெளிய கசிஞ்சதால மிச்ச ரத்தம் கெட்டியாயிட்டு, மொத இருந்த அளவை விட 20 சதவீதத்துக்கு மேல ஏறுனாலே நாங்க கவனமாயிருவோம். பிபி 100/80ன்னு இருக்கு, பாக்க நல்ல பிபி மாதிரி தெரியும், ஆனா மேல உள்ளதுக்கும் கீழ உள்ளதுக்கும் 20 தான் இடைவெளி, டெங்குல அது ஷாக். கை கால் சில்லுன்னு இருந்தது அதனால தான். அந்நேரம் அவன் உக்காந்து பேசிக்கிட்டு கூட இருந்திருப்பான், இளவயசுப் பிள்ளைங்க கடைசி வரைக்கும் தெளிவாப் பேசும், வீட்டுல உள்ளவங்களை ஏமாத்துதது அது தான்.

கவனிச்சுப் பாத்தீங்கன்னா காய்ச்சல் எறங்குத சமயம் ரத்தத்துல வைரஸ் கொறஞ்சுக்கிட்டு தான் இருக்கும். ஆனா அந்நேரம் தான் சைட்டோகைன் உச்சத்துல நிக்கும், வைரஸ் விட்டுட்டுப் போன என்எஸ்1 புரதமும் அதோட சேந்துக்கிடும், ரெண்டும் சேந்து ரத்தக்குழாயோட உள்பூச்சை சேதப்படுத்தும், தண்ணி கசியும். நல்ல விஷயம் என்னன்னா குழாய் செத்துப் போறதில்ல, ஒரு நாள் ரெண்டு நாள்ல சிக்னல் அடங்குனதும் கசிவு தானா நின்னுரும், வெளிய போன தண்ணி திரும்ப ரத்தத்துக்குள்ள வந்துரும். ஐசியூல டிரிப்பைக் கொறச்சது அதுக்குத் தான். அந்த நேரம் பார்த்து டிரிப்பை அள்ளி ஏத்துனா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிட்டு மூச்சு முட்டிரும். மணிக்கொருக்கா பிசிவி பாத்துப் பாத்து தண்ணிய கூட்டிக் கொறச்ச அந்த டீம் நல்லா வேலை பாத்திருக்காங்க, சார்ட்டைப் பாத்தாலே தெரியுது, அடுத்த தடவை போகையில ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க.

ஒங்க அத்தைக்கு, அந்த ஆச்சிக்கு ஏன் லேசாப் போச்சு? 76 வருசமா நம்ம பக்கம் இருக்க மனுசி, ரெண்டு வகையாவது ஏற்கெனவே அவுகளுக்கு வந்து போயிருக்க வாய்ப்பு அதிகம், அதுல சிலது வெறும் காய்ச்சல்னு கஷாயத்தோட போயிருக்கும். ரெண்டு வகைக்கு மேல பாத்த உடம்புல மூணாவது நாலாவது பொதுவா லேசாத் தான் வரும். அதுக்காக வயசானவங்களுக்கு டெங்கு ஒண்ணும் செய்யாதுன்னு எடுத்துக்கிடாதீங்க, சுகர், ஹார்ட், கிட்னி இருந்தா அவங்களுக்கும் ஆபத்து தான்.

பவுடர் விஷயத்துக்கு வாரேன். டெங்குல எதிர்ப்பு சக்திய பொதுவா ஏத்துதேன்னு எந்தப் பவுடர் சொன்னாலும் நம்பாதீங்க. எதை ஏத்தப் போகுது, இன்டர்பெரானையா, ஐஎல்-6ஐயா, எந்த நாள்ல? டப்பாவுல அதுக்கு பதில் இருக்காது. அந்தக் காசுக்கு முட்டை, பயறு, பழம்னு வாங்கிக் குடுங்க, பையன் எளைச்சுப் போயிருப்பான். நிலவேம்பு குடிக்கணும்னா குடிங்க, ஆனா அதைக் குடிச்சாச்சேன்னு டெஸ்டையும் டாக்டரையும் தள்ளிப் போட்டுராதீங்க, எனக்குப் பயமே அங்க தான். பப்பாளி இலைச்சாறால பிளேட்லெட் கொஞ்சம் ஏறுச்சுன்னே வச்சுக்கிட்டாலும் கசிவு நிக்காது, உசுரை எடுக்குதது கசிவு தான்.

ஐஎல்-6 டெஸ்ட் வேண்டாம். அது மணிக்கு மணி ஏறி எறங்குத பொருள், நல்லா இருக்கவங்களுக்கு எடுத்து ஒரு பிரயோசனமும் இல்ல, டெங்குல அதை வச்சு சிகிச்சைய மாத்துததும் இல்ல. கொரோனாவுல மோசமான நெலமையில டோசிலிசுமாப்னு ஐஎல்-6ஐத் தடுக்குத ஊசி சிலருக்கு உதவுச்சு, அது ஆஸ்பத்திரிக்குள்ள டாக்டர் பாக்க வேண்டிய கணக்கு.

ஸ்டீராய்டு பத்தி தான் நான் ரொம்ப அழுத்திச் சொல்லணும், ஏன்னா காய்ச்சல்னு போனா மெடிக்கல்ல பொட்டலத்துக்குள்ள ஒரு சின்ன மாத்திரையா அதைச் சேத்துக் குடுக்குத பழக்கம் நம்ம பக்கம் இன்னும் போகல. கொரோனாவுல டெக்சாமெத்தசோன் காப்பாத்துச்சு, உண்மை தான். 2020ல இங்கிலாந்துல நடந்த ரெக்கவரி ஆய்வுல தினம் 6 மில்லிகிராம் குடுத்தாங்க. வென்டிலேட்டர்ல இருந்தவங்கள்ல சாவு 41 சதவீதத்துலருந்து 29க்கு எறங்குச்சு, ஆக்சிஜன்ல இருந்தவங்களுக்கு 26லருந்து 23. ஆனா அதே ஆய்வுல ஆக்சிஜன் தேவைப்படாதவங்களுக்கு ஒரு நன்மையும் இல்ல, குடுக்காதவங்கள்ல 14, குடுத்தவங்கள்ல 18 சதவீதம் சாவு, கெடுதலாக்கூட இருந்திருக்கலாம். மருந்து ஒண்ணு தான், அளவு ஒண்ணு தான், நாள் தான் வேற. மொத கட்டத்துல இன்டர்பெரான் வேலை செய்ய வேண்டிய நேரம் நாமளே அதை அமுக்கிட்டா வைரஸுக்கு தான் சவுகரியம். 2021ல சுகர் உள்ளவங்களுக்கு ஸ்டீராய்டு கண்டமேனிக்கு ஏறி கருப்புப் பூஞ்சை வந்து கண்ணு போனதெல்லாம் நாம பாத்தது தானே.

டெங்குல மொத மூணு நாளுக்குள்ளயே ஸ்டீராய்டு ஆரம்பிச்சா ஷாக் வராம தடுக்கலாமான்னு, நீங்க கேட்ட அதே கேள்விய வச்சு, வியட்நாம்ல 225 சின்னப் பிள்ளைங்களையும் இளவயசுப் பிள்ளைங்களையும் சேத்து சோதிச்சுப் பாத்து 2012ல வெளியிட்டாங்க. ஷாக் கொறையல. அதனால மொத நாளே போட்டுட்டாங்கற யோசனைய விட்டுருங்க, காய்ச்சல் மறையும், நாமளும் சரியாயிட்டுன்னு வீட்லயே வச்சிருப்போம், உள்ள கசிவு அது பாட்டுக்கு நடக்கும்.

இனி வீட்ல யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஆரம்பிச்ச நாளை காலண்டர்ல குறிச்சு வைங்க. பெரியவங்களுக்கு பாராசிட்டமால் மட்டும், 650ன்னா ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணுக்கு மேல வேண்டாம். புரூஃபன், டைக்ளோபினாக் ஊசி, ஆஸ்பிரின் தொடவே கூடாது. மூணாம் நாளுக்குள்ள என்எஸ்1, ரத்த அணுக்கள் டெஸ்ட், அதுல பிசிவி கட்டாயம் இருக்கணும். காய்ச்சல் விட்டதுலருந்து ரெண்டு நாள் ராத்திரியும் ஒருத்தர் முழிச்சுப் பாக்கணும். வயித்துவலி, நிக்காத வாந்தி, ஈறுல மூக்குல ரத்தம், கை கால் குளுந்து போறது, நெலகொள்ளாம பொரளுதது, ஆறு மணி நேரமா ஒண்ணுக்குப் போகாம இருக்கது, இதுல எது ஒண்ணு வந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காம அம்பை ஆஸ்பத்திரிக்கோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கோ உடனே வண்டியக் கெளப்பிருங்க.

தண்ணித் தொட்டி, டிரம்ம காலி பண்ணுனா மட்டும் போதாது, ஓரத்தைத் தேச்சுக் கழுவணும். அந்தக் கொசு தண்ணிக்கு மேல சுவர்ல முட்டை ஒட்டி வைக்கும், காஞ்சு கெடந்தாலும் மாசக்கணக்குல உசுரோட இருக்கும். பிரிட்ஜுக்குப் பின்னால உள்ள தட்டையும் பாருங்க. பகல்ல கடிக்கிற கொசுங்கறதால ஆச்சி மத்தியானம் கண்ணசருகையிலயும் வலை கட்டுங்க. ஆச்சி ஹார்ட்டுக்குன்னு தினமும் ஆஸ்பிரின் போடுதவங்களா இருந்தா, காய்ச்சல் வந்த அன்னைக்கே அவங்க டாக்டருக்கு போன் பண்ணிக் கேளுங்க, நீங்களா நிறுத்தவும் வேண்டாம், கேக்காம தொடரவும் வேண்டாம்.

மகனோட டிஸ்சார்ஜ் பேப்பர் ஒரிஜினலை பத்திரமா ஒரு ஃபைல்ல போட்டு, அட்டையில பெரிய எழுத்துல "2012ல ஒரு டெங்கு, இப்போ ரெண்டாவது டெங்கு, ஷாக் வந்தது"ன்னு எழுதி வைங்க. அவன் வேலைக்குன்னு வெளியூர் போனா அதோட போட்டோ அவன் போன்லயும் இருக்கட்டும்.